தோற்றவனும் மறுபோரும்

குத்துச்சண்டை மேடையில் ஒரு வீரன் வீழ்கிறான். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை அவனால் எழ இயலவில்லை. நேற்றுவரை அவன் பெயரை முழங்கிய கூட்டம் மறுநாளே ஒரு கேள்வியை எழுப்புகிறது: ‘மறுபடி மோதுவது எப்போது?’ கேட்பவர் எவரும் மேடை ஏறப் போவதில்லை. அடிபடப் போவதும் இல்லை. ஆயினும் அக்கேள்வி வீழ்ந்தவன் காதில் கட்டளையாக ஒலிக்கிறது. பட்டம் பெற்ற வீரன் தன்னை வீழ்த்தியவனை மீண்டும் எதிர்த்து வென்றே தீரவேண்டுமா? அவ்வாறு செய்யாவிடில் அவன் வீரம் குறைபட்டதாகுமா? விளையாட்டுப் பக்கத்தோடு நின்றுவிடும் வினா அன்று இது. தோல்வியையும் மானத்தையும் ஒரு மக்கட்கூட்டம் எவ்வாறு மதிக்கிறது என்பதே இதன் உள்ளீடு.

அண்மைக் காலத்தில் இவ்வினாவைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படம். பா. இரஞ்சித் இயக்கிய அப்படம் 2021 ஜூலையில் திரையரங்குகளுக்கு வராமல் இணையவழியே வெளிவந்தது. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த காலம் அது. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், லூனாஸ் முதலிய கெடா ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் தமிழர்க்கு வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் புதியவை. ஆனால் அப்படத்தின் உழைப்பாளர் குடியிருப்பும், சாராய நாற்றமும், அவமானம் பொறாத இளைஞனின் சினமும் புதியவை அல்ல. ஆதலின் அப்படம் தரும் விடை ஏற்கத்தக்கதா என்பதைப் பழந்தமிழ் நூல்களோடும் உலக மேடையின் வரலாற்றோடும் ஒப்பிட்டுக் காண்பது பொருத்தமாகும்.

வெண்ணிக் களம்

சங்க இலக்கியத்தில் தோல்வியைப் பற்றிய ஆழ்ந்த பாடல்கள் வெண்ணிப் போரைச் சுற்றிப் பிறந்தவை. சோழன் கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் வெண்ணியில் போர் நிகழ்ந்தது. கரிகாலன் எறிந்த படைக்கலம் சேரனின் மார்பை ஊடுருவி முதுகிலும் புண் செய்தது. முகத்திலும் மார்பிலும் பட்ட புண் வீரனுக்கு அணி. முதுகில் பட்ட புண் நாணத்திற்குரியது என்பது அக்கால மரபு. சேரன் புறங்காட்டி ஓடியவன் அல்லன். அவனைப் பழிக்க எவர்க்கும் காரணம் இல்லை. ஆயினும் அவன் நாணினான். வாளோடு வடக்கிருந்து உயிர் துறந்தான். புறநானூற்றின் 65ஆம் பாடலில் கழாத்தலையார் அந்த இழப்பால் ஊரெங்கும் விழாவும் இசையும் ஓய்ந்த நிலையைப் பாடுகிறார்.

அடுத்த பாடலோ வியப்பினும் வியப்பு. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். போர் நிகழ்ந்த ஊரினர். மண்பாண்டம் வனையும் குடியில் தோன்றியவர். தோற்றவனை நோக்கி அவர் பாடவில்லை. வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்திப் பாடுகிறார். கடலில் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று அவன் குடிப்பெருமையை முதலில் கூறுகிறார். அவன் வென்றதையும் மறுக்கவில்லை. அதன்பின், புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று வென்றவன் முகத்துக்கு நேரே வினவுகிறார். வெற்றி வேறு, மேன்மை வேறு என்பதை இதனினும் துணிவாக உரைத்த புலவர் அரியர்.

இப்பாடலைக் கெடாவில் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இன்னொரு தொடர்பும் உண்டு. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களைக் கூறுமிடத்தில் காழகத்திலிருந்து வந்த ஆக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என நச்சினார்க்கினியர் பொருள் கண்டார். கடாரம் இன்றைய கெடா என்பது அறிஞர் பலரின் துணிபு. வெண்ணியில் வென்றவனின் துறைமுகத்திற்குக் கெடாவின் சரக்கும் சென்றது எனக் கூறும்போது மாணவர்க்கு அப்போர் எங்கோ நடந்த பழங்கதையாகத் தோன்றாது.

சேரன் மறுபோர் நாடவில்லை. உயிர் துறந்த அவன் செயலை இன்று எவரும் பின்பற்றலாகாது; அதனை மாணவர்க்கு முன்மாதிரியாகக் காட்டுதல் பெரும் பிழையாகும். அப்பாடலிலிருந்து கொள்ள வேண்டியது வேறொன்று. சேரனின் தோல்வியை அளந்தவன் சேரனே. ஊரார் நகைப்பார்களோ என்று அவன் கலங்கியதாகப் பாடல் கூறவில்லை. தன் கணக்கைத் தானே பார்த்தான், அதற்குரிய விலையைத் தானே கொடுத்தான், இன்னொருவனைப் பலியிடவில்லை. குயத்தியார் போற்றிய மேன்மை இதுவே எனலாம்.

ஆமூர் மல்லன்

கையோடு கை மோதும் போரைப் பற்றிய பாடல்களும் புறநானூற்றில் உண்டு. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் 80ஆம் பாடலில் பாடினார். ஒரு கால் எதிரியின் மார்பில் ஊன்றி, மறு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து, கிள்ளி நின்ற நிலையை ஓவியம்போல் அவர் காட்டுகிறார். அத்தோடு நிற்கவில்லை. கிள்ளியின் தந்தை தித்தன் இதனைக் காணவேண்டும் என்றும் விரும்புகிறார். தந்தை மகிழ்ந்தாலும் மகிழாவிடினும் ஆகுக என்கிறார். மற்களத்தில் இருவர் பொருதாலும் அங்கு இல்லாத மூன்றாமவர் ஒருவரின் கண் அதன்மேல் படிகிறது என்னும் உண்மையை அப்புலவர் உணர்ந்திருந்தார்.

85ஆம் பாடலில் நக்கண்ணையார் அக்கண்ணைப் பன்மடங்காக்குகிறார். வெற்றி கிள்ளிக்கே என்று ஒரு சாரார் கூறினர். இல்லை என்று மற்றொரு சாரார் கூறினர். ஒரே களம், ஒரே போர், தீர்ப்பு இரண்டு. பனைமரத்தில் சாய்ந்து நின்று கண்ட அப்பெண்ணோ ஊராரின் வழக்கில் தலையிடாமல் தான் கண்ட வெற்றியைத் தானே உரைத்தாள். கூட்டத்தின் தீர்ப்பு ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. அத்தீர்ப்பை மாற்றுவதற்காக மறுபடி மேடை ஏறுபவன் முடிவற்ற கடனை ஏற்றுக்கொள்கிறான்.

கம்பன் காட்டும் மறுபோர்

தமிழில் மறுபோரின் பெருங்கதை கம்பராமாயண யுத்த காண்டத்தில் உள்ளது. முதல்நாள் போரில் இராவணன் தேரும் படைக்கலமும் முடியும் இழந்து வெறுங்கையனாய் நின்றான். இராமன் அவனைக் கொல்லவில்லை. சிறைவைத்தவளை விடுவித்து வாழும் வழியை எடுத்துரைத்தான். அது இயலாதெனில் அன்று திரும்பிச் சென்று மறுநாள் போருக்கு வருமாறு கூறினான். தோற்றவனுக்கு மறுபோட்டி அளிக்கும் பெருந்தன்மையை இதனினும் உயர்வாகக் காட்டுதல் அரிது. எதிரி சமநிலையில் நில்லாதபோது பெறும் வெற்றி வெற்றியன்று என்பது இராமன் கருத்து.

பெற்றவன் அதனை எவ்வாறு பயன்படுத்தினான்? இங்கேதான் கம்பன் மனித உள்ளத்தின் அடியாழத்தைத் தொடுகிறான். இலங்கை திரும்பிய இராவணனுக்கு வானோர் நகைப்பதும் மண்ணோர் நகைப்பதும் பெரிதாகத் தோன்றவில்லை. சானகி நகைப்பாளே என்ற ஒன்றே அவனை நாணத்தால் வாட்டுகிறது. தான் ஏன் தோற்றான் என்ற ஆராய்ச்சி அவன் உள்ளத்தில் எழவில்லை. யார் சிரிப்பார் என்ற கலக்கமே எழுந்தது. அதன்பின் நடந்தது யாவரும் அறிந்தது. உறங்கிய தம்பியை எழுப்பினான். கும்பகருணன் அறவழி கூறியும் கேளாமல் அவனைக் களத்திற்கு அனுப்பினான். தம்பி மாண்டான், அதிகாயன் மாண்டான், இந்திரசித்து மாண்டான். இராவணன் விரும்பிய மறுபோரின் விலையை அவன் குடும்பமும் நகரமும் கொடுத்தன. இறுதியில் அவனும் வீழ்ந்தான்.

சேரனையும் இராவணனையும் அருகருகே வைத்து நோக்கினால் அளவுகோல் தெளிவாகிறது. மறுபோர் யாருடைய கண்ணுக்காக? அதற்கு விலை கொடுப்பவர் யார்? இவ்விரு கேள்விக்கும் விடை தெரிந்தபின் மறுபோர் தக்கதா தகாததா என்பது தானே விளங்கும்.

உலக மேடை

இவ்வளவுகோல் பழங்கதைகளுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் குத்துச்சண்டை வரலாறும் இதற்குக் கட்டுப்படுகிறது.

1936 ஜூன் மாதம் நியூயார்க்கில் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயியைச் செர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். லூயி இடக்கையால் குத்திய பின் அக்கையைத் தாழவிடும் பழக்கமுடையவர். ஷ்மெலிங் அதனை முன்பே கூர்ந்து கண்டு, அந்த இடைவெளியில் தம் வலக்கையைச் செலுத்தினார். 1937இல் லூயி உலகப் பட்டம் பெற்றார். ஷ்மெலிங்கை வெல்லாதவரை அப்பட்டம் நிறைவுடையதன்று என்பது அவர் எண்ணம். 1938 ஜூன் 22 அன்று மறுபோட்டி நடந்தது. நாசி அரசும் அமெரிக்க நாடும் தத்தம் பெருமையை அவ்விருவர் தோள்மேல் ஏற்றின. ஆனால் லூயி மேடை ஏறியது தம் பிழையைத் திருத்திய பின்னரே. 124 வினாடியில் போட்டி முடிந்தது. பிற்காலத்தில் இருவரும் நண்பராயினர் என்பதும் கருதத்தக்கது. பிழை திருந்தியபின் பகைக்கு வேலையில்லை.

பிளாயிடு பேட்டர்சனின் வாழ்வு இவ்வினாவுக்கென்றே அமைந்தது போன்றது. 1959இல் சுவீடன் நாட்டு இங்கமார் யோகான்சன் அவரை மூன்றாம் சுற்றில் ஏழுமுறை தரையில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். ஓராண்டு கழித்து, 1960 ஜூனில், பேட்டர்சன் ஐந்தாம் சுற்றில் யோகான்சனை வீழ்த்தினார். இழந்த உலகப் பெரும் எடைப் பட்டத்தை மீண்டும் வென்ற முதல்வர் அவரே. நினைவிழந்து கிடந்த எதிரியின் அருகே அவர் கவலையோடு மண்டியிட்டது அவ்வெற்றியினும் பெரிது. 1961இல் மூன்றாம் முறையும் மோதி வென்றார். பின்னாளில் அவ்விருவரும் நெருங்கிய நண்பராக விளங்கினர்.

அதே பேட்டர்சனை 1962 செப்டம்பரில் சானி லிஸ்டன் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். பேட்டர்சன் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு பிறர் கண்ணுக்குத் தப்பி ஊரைவிட்டு அகன்றார். தோற்றால் அணிவதற்கென்று அத்தாடியைப் போட்டிக்கு முன்பே அவர் ஆயத்தம் செய்து வைத்திருந்தார்! எதிரியினும் ஊரார் கண்ணையே அவர் பெரிதும் அஞ்சினார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 1963 ஜூலையில் மறுபோட்டி நடந்தது. அதுவும் முதல் சுற்றிலேயே முடிந்தது. முதற்போட்டியினும் நான்கு வினாடியே கூடுதலாக நின்றது. லிஸ்டனின் வலிமைக்கு மாற்று ஏதும் காணப்படாததை அம்முடிவே காட்டிற்று. யோகான்சனிடம் மறுபோரால் எழுந்தவர் லிஸ்டனிடம் மறுபோரால் இருமுறை வீழ்ந்தார். ஆள் ஒருவரே, வேறுபட்டது மறுபோரின் அடிப்படை.

மலேசிய மண்ணும் ஒரு மறுபோட்டியைக் கண்டது. 1973இல் லாஸ் வேகாசில் முகமது அலியிடம் தோற்ற ஜோ பக்னர் 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அவரை மீண்டும் எதிர்த்தார். உலகப் பட்டத்திற்கான அப்போட்டி பதினைந்து சுற்றும் நீடித்தது. பக்னர் தாக்குதலினும் தற்காப்பையே பெரிதும் நாடினார். அலியே புள்ளிகளில் வென்றார். முதல் தோல்வியினின்று விழாமல் நிற்கக் கற்றார் பக்னர், வெல்லக் கற்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலியும் ஜோ பிரேசியரும் மூன்றாம் முறை மோதினர். 1971இல் பிரேசியர் வென்றார். 1974இல் அலி வென்றார். மூன்றாவது கணக்குத் தீர்க்கும் போட்டி. பதினான்கு சுற்று முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஒரே ஒரு சுற்று எஞ்சியிருந்தது. பிரேசியர் தொடர விரும்பினார். அவருடைய பயிற்றுநர் எட்டி ஃபட்ச் இசையாமல் போட்டியை நிறுத்தினார். பட்டத்தினும் சீடனின் கண்ணும் உயிரும் பெரிது என்று துணிந்த அந்த ஆசான், மறுபோரின் எல்லையை வகுத்தவர் எனலாம்.

அவ்வெல்லை ஏன் வேண்டும் என்பதை மருத்துவமும் கூறுகிறது. தலையில் விழும் அடியால் மூளை மண்டையோட்டினுள் அதிர்கிறது. நினைவு தவறுவது அதன் வெளி அடையாளம். பலமுறை அடிபட்ட வீரர்க்கு நடையும் பேச்சும் தளர்ந்து அறிவு மங்கும் நோயை 1928இலேயே அமெரிக்க மருத்துவர் மார்ட்லாண்டு விரித்துரைத்தார். தலையில் அடிபட்டு வீழ்ந்தவர் குறைந்தது 30 நாள் மேடை ஏறலாகாது என்ற விதி தொழில்முறை சாராத குத்துச்சண்டையில் வகுக்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. பேட்டர்சனின் முதுமை இதற்கு ஒரு துயரச் சான்று. 1998இல் ஒரு வழக்கில் சாட்சியம் அளித்தபோது, 1956இல் தாம் யாரை வென்று முதன்முதல் உலகப் பட்டம் பெற்றார் என்பதையே அவரால் நினைவுகூர இயலவில்லை. தோல்வியின் நினைவை அழிக்க மறுபடி மறுபடி மேடை ஏறியவரிடம் இறுதியில் வெற்றியின் நினைவும் எஞ்சவில்லை.

சார்பட்டாவின் விடை

இந்தப் பின்னணியில் ‘சார்பட்டா பரம்பரை’யை நோக்கினால் அதன் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும். வடசென்னையில் சார்பட்டா, இடியாப்பம் என்னும் இரு குத்துச்சண்டைப் பரம்பரைகள். இடியாப்பப் பரம்பரையின் வேம்புலியிடம் சார்பட்டாவினர் வீழ்கின்றனர். ரங்கன் வாத்தியார் பரம்பரையின் மானத்தையே பந்தயமாக வைக்கிறார். அவர் சீடனாகத் துடிக்கும் கூலித் தொழிலாளி கபிலன் மேடை ஏறுகிறான். நடன அடி வைத்துச் சண்டையிடும் டான்சிங் ரோசை வெல்கிறான். பின்னர் வேம்புலியையும் வெல்லும் தறுவாயில் கலகக்காரர் மேடையில் புகுகின்றனர். கபிலன் ஊர் நடுவே ஆடை களையப்பட்டு இழிவுறுகிறான். தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்ட 1976 சனவரிக் கொந்தளிப்போடு அவ்விரவைப் பிணைத்த கதையமைப்பு திறமானது. தனிமனிதனின் தோல்வியும் காலத்தின் தோல்வியும் ஒன்றாகின்றன.

கபிலன் வீழ்த்தப்பட்டுத் தோற்றவன் அல்லன் என்பது கவனிக்கத்தக்கது. போட்டி முடியவே இல்லை, முடிவு களவாடப்பட்டது. வெறுங்கையனைக் கொல்லாமல் விடுத்த இராமநீதியின்படி இங்கு மறுபோட்டி அறமே ஆகும். இந்த அளவில் படத்தின் விடையைக் குறைகூற இடமில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. அவமானத்தின் பின் கபிலன் அடிதடிக்கும் சாராயத்திற்கும் ஆளாகிறான். உடல் பெருக்கிறது, கை நடுங்குகிறது, தாய் பாக்கியம் அஞ்சிய பாதையிலேயே நடக்கிறான். குத்துச்சண்டை வீரனாயிருந்து அடியாளாக மாறிக் கொலையுண்ட கணவனின் கதையை அவள் மகனிடத்தில் மீண்டும் காண்கிறாள். மனைவி மாரியம்மாளின் சினமும் கண்ணீரும் படத்தின் மிகச் சிறந்த பகுதிகள். அங்கே கபிலனின் உண்மையான எதிரி வேம்புலி அல்லன், குடியும் தன்னிரக்கமுமே. அப்போரில்தான் அவன் உண்மையாகவே வீழ்த்தப்பட்டான். ஆனால் அப்போரின் மறுபோட்டியைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது. கடற்கரையில் பீடி இராயப்பன் அளிக்கும் பயிற்சி ஒரு பாட்டின் அளவில் முடிகிறது. குடியை விடுத்தவனின் உறக்கமற்ற இரவுகளையும் தடுமாற்றங்களையும் காட்ட இயக்குநர்க்குப் பொழுதில்லை. வேம்புலியை வீழ்த்தும் ஆரவாரத்திற்கோ பொழுது நிறைய உண்டு. சிறு எதிரியைப் பெரிதாக்கிப் பெரிய எதிரியைச் சிறிதாக்கிய பிழை இது. எளிய இரையை வென்ற பெருமையினும் வலிய விலங்கோடு மோதித் தவறிய முயற்சியே இனிது என்பது படைச்செருக்கில் வள்ளுவர் கண்ட அளவு. அந்த அளவால் அளந்தால் கபிலனின் பெரும்போர் வீட்டுக்குள்ளே நடந்தது.

இதற்கு மாறாக டான்சிங் ரோசின் பாத்திரம் சிறிதாயினும் நிறைவுடையது. நேர்மையான போட்டியில் அவன் தோற்றான். மறுபோட்டி கேட்டுக் கூவவில்லை. தன் கலையையும் இழக்கவில்லை. படம் பார்த்தோர் பலர் தலைவனுக்கு நிகராக அவனைக் கொண்டாடியது தற்செயல் அன்று. தோற்றவனிடத்தும் மேன்மை காணும் வெண்ணிக் குயத்தியாரின் கண் தமிழரிடம் இன்னும் உண்டு என்பதற்கு அது அடையாளம்.

கெடாவில் நிலுவையிலுள்ள போர்

கெடாத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்க்குப் படத்தின் இக்குறை மேலும் உறுத்தும். சப்பானியர் ஆட்சி முடிந்தபின், 1946–47இல், பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தை நடுவாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. உடற்பயிற்சியும் ஒழுங்கும் கற்ற தோட்டத்து இளைஞர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். கூலியை வாங்கிய கையோடு கள்ளுக்கடையில் கொட்டும் வழக்கமே தம் மக்களை வீழ்த்தும் எதிரி என்று அவர்கள் சரியாக அடையாளம் கண்டனர். 1947இன் தொடக்கத்தில் காவலரோடு மோதல் மூண்டது. உயிரிழப்பும் சிறைத்தண்டனையும் நேர்ந்தன. படை ஒடுக்கப்பட்டது. கள்ளுக்கடைகள் நிலைத்தன.

அது தோட்டத் தமிழரின் தோல்வி. அதற்கு மறுபோர் நடந்ததா? 1981இல் லூனாசில் நச்சுச் சம்சு குடித்துப் பலர் மாண்டனர். அவ்வூரில் பிறந்த ம. நவீன் 2019இல் வெளியிட்ட ‘பேய்ச்சி’ நாவல் அந்நிகழ்ச்சியைத் தன் கதைக்குள் கொண்டுள்ளது. 1947இல் அடையாளம் காணப்பட்ட எதிரி முப்பத்து நான்கு ஆண்டு கழித்தும் களத்தில் நின்றான் என்பதே அதன் பொருள். இரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. களம் மாறிற்று; போர் தீரவில்லை.

இன்னொரு தீமையும் நகரங்களில் வளர்ந்தது. 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு சட்டவிரோதக் குண்டர் கும்பல்கள் 49இன் பெயரை வெளியிட்டது. அவற்றில் தமிழ் இளைஞரின் ஈடுபாடு மிகுந்திருந்தமை சமுதாயத்தைத் தலைகுனியச் செய்தது. கும்பலின் அறம் ஒரே வரியில் அடங்கும்: அடித்தவனைத் திருப்பி அடி. அதற்குப் பயிற்சி வேண்டாம், பிழை திருத்தம் வேண்டாம், நடுவர் வேண்டாம். யாரோ ஒருவன் பார்த்துச் சிரித்தான் என்பதே போதும். சானகி நகைப்பாளே என்று குமைந்த இலங்கை வேந்தனின் நோய்தான் இது. விலை கொடுப்பவரும் அதே முறையில் தம்பியரும் தாயரும் மனைவியருமே.

ஆதலின் மறுபோரைப் புகழும் கதையை இளைஞர் முன் வைக்கும்போது ஆசிரியரும் பெற்றோரும் எச்சரிக்கையாக இருத்தல் கடன். சினத்தை மேடைக்குள்ளும் விதிக்குள்ளும் கொண்டுவரும் குத்துச்சண்டை, சந்துக்குள் நடக்கும் கத்திக்குத்தினும் ஆயிரம் மடங்கு மேலானது, இதில் ஐயமில்லை. சிலம்பம் பயிற்றும் ஆசானும் மாணவன் கையில் கோலைக் கொடுக்குமுன் வணக்கத்தைக் கற்பிக்கிறார். ஆனால் மேடையையும் பழிதீர்க்கும் இடமாகவே காட்டினால் சந்துக்கும் மேடைக்கும் வேறுபாடு குறைந்துவிடும்.

முடிபு

பட்டம் பெற்ற வீரன் தன்னை வீழ்த்தியவனை மறுபடி வென்றே ஆகவேண்டும் என்ற கடப்பாடு இல்லை. அவ்வாறு கோருவது கூட்டத்தின் ஆசையேயன்றி வீரத்தின் விதியன்று. மறுபோர் அவனுடைய உரிமை. அவ்வுரிமையைப் பயன்படுத்துமுன் தான் எங்கே தவறினான் என்பதை அவன் கண்டிருத்தல் வேண்டும். லூயி கண்டார், லிஸ்டனிடம் மீண்டும் சென்ற பேட்டர்சன் காணவில்லை. அதன் விலையைத் தானே கொடுக்க ஒருப்பட்டிருத்தல் வேண்டும். இராவணன் பிறரைக் கொடுக்கச் செய்தான். போதும் என்று ஆசான் சொல்லும்போது நிற்கவும் வேண்டும். இவை இல்லாத மறுபோர் முதல் தோல்வியின் நீட்சியே.

போட்டியில் தோற்றுப் பள்ளிக்குத் திரும்பும் மாணவனை ‘அடுத்த ஆண்டு அவனை விடாதே’ என்று தேற்றுவது எளிது. ‘எந்த இடத்தில் கை தாழ்ந்தது?’ என்று வினவுவது சற்று அரிது. முன்னது அவன் கண்ணை எதிரியின்மேல் நாட்டும்; பின்னது அவன் கண்ணை அவன் கையின்மேல் திருப்பும். கை திருந்தியவன் மீண்டும் மேடை ஏறினாலும் நன்று. ஏறாவிடினும் அவன் தோற்றவன் அல்லன்.